பழைய துவக்கு வாரைக் கமராவுக்குப் போடுறது எப்பிடி: கொழும்பில இருக்கிறவைக்கு

கல்யாண சீசனில 70-200 லென்ஸைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில இருந்து கொச்சிக்கடை வரைக்கும் ஓடுற ஆக்களுக்கு, கமரா பெட்டியோட வாற அந்த மெல்லிய கறுப்புப் பட்டி கழுத்தை என்ன பாடு படுத்தும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. அதுக்குத்தான் கொஞ்ச நாளா எல்லாரும் பழைய ஆமி ரைபிள் ஸ்லிங்கை, அதாவது துவக்கைத் தோளில கொழுவுற வாரைத் தேடிக்கொண்டு திரியினம். அகலமா இருக்கும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பாக்கவும் ஒரு எடுப்பு. ஆனா கொழும்பில இருந்துகொண்டு இதை எடுப்பிக்கிறது ஒரு தலையிடி, எந்த நாட்டுச் சாமான் எண்டு பாக்கிறது ஒரு இடத்தில, சுங்கம் ஒரு இடத்தில, தைக்கிறது இன்னொரு இடத்தில எண்டு துண்டு துண்டாத்தான் விசயம் கிடைக்கும், நான் அப்பிடித்தான் அலைஞ்சு திரிஞ்சு பொறுக்கினனான், நீங்களும் அலைய வேண்டாம் எண்டு எல்லாத்தையும் ஒரே இடத்தில போடுறன்.

முதலே சொல்லிப்போட்டன், இது துவக்கைப் பத்தின கட்டுரை இல்ல. இலங்கையில துவக்கு வைச்சிருக்க லைசன்ஸ் வேணும், அது வேற உலகம். இங்க கதைக்கிறது வெறும் பட்டியைப் பத்தி மட்டும்தான்.

1. எதைத் தொடவே கூடாது

இதைத்தான் முதல்ல வாசிக்க வேணும். டி-56 துவக்குக்குப் போடுற பச்சைக் கன்வஸ் வார், நுனியில தோல் துண்டு வைச்சுத் தைச்சது, வெளிநாட்டுத் தளங்களில சீன சர்ப்ளஸ் (ஆமி கழிச்சு வித்த சாமான்) எண்டு மலிவுக்கு மலிவாக் கிடக்கும். வாங்காதேங்கோ. இங்க ஆமி, பொலிஸ் எல்லாம் தூக்கித் திரியிறது அதே டி-56 தான். அந்த வாரோட நீங்க காலி வீதியில நிண்டா, இதை எங்க எடுத்தனீர் எண்டுதான் முதல் கேள்வி வரும், அடையாள அட்டையில பேரை வாசிச்ச பிறகு ரெண்டாவது கேள்வியும் வரும். அது வெளிநாட்டில இருந்து வந்தது எண்டு வீதியில நிண்டு விளங்கப்படுத்த ஏலாது.

அதே மாதிரி, இங்க யாராவது "ஆமியில இருந்த பெடியன் ஒருத்தன் தந்தவன்" எண்டு நீட்டினாலும் வேண்டாம். அது அரசாங்கச் சொத்து, உங்களிட்ட வந்த வழிக்கு பில் இல்ல. கமஃப்ளாஜ் நிறத்தில இருக்கிற எதுவும் வேண்டாம், அது எந்த நாட்டுக் கமஃப்ளாஜா இருந்தாலும் சரி. இதுகளை விட்டா எடுக்கக்கூடியது காக்கி, மண்ணிறம், ஒலிவ் பச்சை, பிரவுண் தோல். இதுக்குள்ளயும் என்ர விருப்பம் காக்கியும் தோலும்தான், ஒலிவ் பச்சை கொஞ்சம் கண்ணில குத்தும்.

2. என்னென்ன வகை கிடக்கு

எல்லாத்தையும் படிக்கத் தேவையில்ல, சந்தையில அடிக்கடி வாறது நாலைஞ்சுதான்.

பிரிட்டிஷ் 1901 பட்டேர்ன் கன்வஸ் வார். லீ-என்ஃபீல்ட் ரைபிளுக்குப் போட்டது. ஒண்டேகால் இஞ்சி அகலம், கெட்டியா நெய்த காட்டன், ரெண்டு நுனியிலயும் பித்தளைத் தகடு மடிச்சு அடிச்சிருக்கும். பக்கிள் ஒண்டும் இல்ல, வளையத்துக்குள்ளால விட்டு மடிச்சு அந்தப் பித்தளை நுனியை வாரிலயே கொளுவி விடுறது, அவ்வளவுதான். கமராவுக்கு எண்டு பாத்தா எனக்கு இதுதான் முதல் தெரிவு. மெல்லிசு, மடியும், சட்டையில இழுக்காது.

அமெரிக்க எம்1 கன்வஸ் ஸ்லிங். இதுவும் ஒண்டேகால் இஞ்சி. ஒரு பக்கத்தில வளைஞ்ச இரும்புக் கொக்கி, நடுவில சறுக்கி நகருற இரும்புப் பூட்டு. ஒரு இழுவையில நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், அதுதான் இதில இருக்கிற சுகம். ஆனா கொக்கி கமரா உடம்பைச் சுரண்டும், அதுக்கு மருந்து கீழ சொல்லுறன்.

அமெரிக்க எம்1907 தோல் ஸ்லிங். ரெண்டு துண்டாப் பிரியும். நீளத் துண்டில சோடி சோடியா ஓட்டை, ரெண்டு துண்டிலயும் நகம் மாதிரி ஒரு ரெட்டைக் கொக்கி, நடுவில ரெண்டு தோல் வளையம். பாக்க ராசா மாதிரி. பாரமும் ராசா மாதிரித்தான். முதல் உலகப் போர்க் காலத்தில கொக்கியெல்லாம் பித்தளை, ரெண்டாவது போரில இரும்புக்கு மாறினது.

ரஷ்ய மோசின் ரைபிள் வார். கன்வஸ் பட்டி, ரெண்டு நுனியிலயும் நாய்க்குட்டிக் கழுத்துப் பட்டி மாதிரி சின்னத் தோல் வளையம், குட்டிப் பக்கிளோட. இதில நல்லது என்னெண்டா அந்தச் சின்னத் தோல் வளையத்தைக் கமரா ரிங்குக்குள்ளால நேரா விடலாம், தையல் வேலை மிச்சம்.

ஜெர்மன் கே98 தோல் வாரும் நிறையக் கிடக்கும், ஆனா அதில நாஜிக் காலச் சீலுக்கெண்டே காசு கூட, போலியும் கூட. கமராவுக்கு எண்டா அதுக்குப் பின்னால போகாதேங்கோ.

3. சீல் வாசிக்கிறது

படத்தில வித்தவர் காட்டுறது வாரின்ர வடிவை. நீங்க கேக்க வேண்டியது சீல் அடிச்ச இடத்தின்ர குளோசப். அது இல்லாம காசு கட்டாதேங்கோ.

பிரிட்டிஷ் சாமானில அகலமான அம்புக்குறி ஒண்டு இருக்கும், பக்கத்தில செய்த கொம்பனியின்ர எழுத்தும் வருசமும். உதாரணமா எம்.ஈ.கோ எண்டா மில்ஸ் எக்விப்மெண்ட். அந்த அம்பு சீ எழுத்துக்குள்ள நிண்டா கனடா. யூ எழுத்துக்குள்ள எண்டா தென்னாபிரிக்கா. ரெண்டு பக்கமும் டீ (D) எழுத்து எண்டா அவுஸ்திரேலியா. ஐ எழுத்தோட வந்தா இந்தியா. ரெண்டு அம்பு முனையோட முனை முட்டி நட்சத்திரம் மாதிரி நிண்டா, அது அரசாங்கம் முறைப்படி கழிச்சு வித்த சாமான் எண்டு அர்த்தம். இந்த முட்டி நிக்கிற அம்பை ஒரு படம் எடுத்து ஃபோனில வைச்சிருங்கோ, யாராவது கேட்டா காட்ட உதவும்.

கொஞ்சம் பிந்தின காலச் சாமான் எண்டா என்எஸ்என் எண்டு, நேட்டோ முறையில ஆமிச் சாமானுக்குக் குடுக்கிற ஒரு 13 இலக்க நம்பர் இருக்கும், நாலு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு பிரிச்சு அடிச்சிருப்பினம். முதல் நாலும் சாமான் வகை, 1005 எண்டு துவங்கினா 30 மில்லிமீற்றர் வரைக்குமான துவக்கு வகையும் அதோட போறதும். அதுக்கு அடுத்த ரெண்டும் நாடு: 00, 01 அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 21 கனடா, 66 அவுஸ்திரேலியா. அமெரிக்கச் சாமானில 11 இலக்கம் மட்டும் இருந்தா அது 1974 இல நம்பர் முறை மாற முதல் பதிஞ்சது. இதை ஏன் இவ்வளவு இழுக்கிறன் எண்டா, 1940 ஆம் ஆண்டுச் சாமான் எண்டு விலை போட்டிட்டு 13 இலக்க நம்பரோட படம் போடுற ஆக்கள் இருக்கினம். 1940 இல அந்த நம்பர் முறையே இல்ல, வேற சாட்சி தேவையில்ல.

4. போலியா, புதுசா

ரெண்டும் வேற வேற. புதுசாச் செய்த கொப்பி எண்டு சொல்லி விக்கிறது போலி இல்ல. தலைப்பில "ஸ்டைல்", "டைப்", "ரீப்ரோ" எண்டு எங்கயாவது ஒரு சொல் ஒளிஞ்சிருக்கும், முழுசா வாசியுங்கோ. எம்1907 இல பொய்ட் 42, பொய்ட் 43 (செய்த கொம்பனியின்ர பேரும் வருசமும்) எண்டு சீல் அடிச்ச கொப்பி நிறையத் திரியுது, எழுத்து நேத்து அடிச்ச மாதிரி கூரா இருந்தா, தோல் எல்லா இடமும் ஒரே நிறமா இருந்தா, ஓட்டை ஒண்டுகூட இழுபட்டு நீளாம இருந்தா யோசியுங்கோ.

கையில வந்த பிறகு பாக்கிறதுக்கு மூண்டு வழி. ஒண்டு, காந்தம். பித்தளை எண்டு சொன்னது காந்தத்தில ஒட்டினா அது முலாம் பூசின இரும்பு. (இரும்பா இருக்கிறதாலயே போலி எண்டு முடிவு கட்டவும் கூடாது, எம்1 இல இரும்புதான் சரி.) ரெண்டு, நூல். கிழிஞ்ச இடத்தில ஒரு இழையைப் பிடுங்கிக் கொழுத்திப் பாருங்கோ, காட்டன் கடதாசி மணத்தோட எரிஞ்சு சாம்பலாகும், நைலோன் உருகி மணி மாதிரித் திரளும். மூண்டு, காசு பாக்கிற யூவி லைட். இப்பத்தைய செயற்கை நூல் அநேகமாப் பளிச்செண்டு நீலமா மின்னும். இதில ஒரு பொறி இருக்கு, வித்தவர் பழைய வாரை இந்தக் காலத்துச் சோப்புத் தூளில தோய்ச்சிருந்தாலும் அது மின்னும். அதனால லைட்டை மட்டும் நம்பி வித்தவரோட சண்டைக்குப் போகாதேங்கோ.

என்ர அபிப்பிராயம் கேட்டா, ரெண்டு லட்சம் ரூபா லென்ஸைத் தொங்கவிட எண்டா புதுக் கொப்பிதான் நல்லம். 80 வருசப் பழைய காட்டனுக்கு உத்தரவாதம் யார் தாறது? உண்மையான பழையது வேணும் எண்டா அதைச் சின்னக் கமராவுக்கு, இல்லாட்டி துணிப் பைக்குப் போடுங்கோ.

5. எங்க வாங்கிறது, எவ்வளவு போகும்

புறக்கோட்டையில சும்மா நடந்து தேடிப் பிரயோசனம் இல்ல. அங்க இருக்கிறது பையுக்குப் போடுற சாதாரண நைலோன் பட்டி.

ஒரு வழி ஈபே மாதிரித் தளங்கள். சுமாரா எம்1 கன்வஸ் கொப்பி 12 முதல் 20 டொலர், பிரிட்டிஷ் 1901 பழையது 20 முதல் 40 டொலர், எம்1907 பழையது 80 க்கு மேல, நல்ல நிலை எண்டா இன்னும் ஏறும். வாரை விட அனுப்புற கூலி கூட வாறது சாதாரணம், அதால நண்பர்கள் ரெண்டு மூண்டு பேர் சேந்து ஒரே பார்சலா எடுப்பிக்கிறது லாபம். ஆனா ஒரே மாதிரி பத்து எடுப்பிச்சா வியாபாரத்துக்கு எண்டு நினைப்பினம், அதையும் யோசியுங்கோ. சில ஆக்கள் தலைப்பில ரைபிள் எண்டு இருக்கிற எதையும் இலங்கைக்கு அனுப்பவே மாட்டினம், கட்ட முதல் ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கோ.

மற்ற வழி எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சதுதான், லண்டனிலயோ டொரன்டோவிலயோ இருக்கிற மாமா, சித்தி. டிசம்பரிலயோ ஆடி வேலுக்கோ வருவினம், அவையின்ர முகவரிக்கு முதலே அனுப்பிவிட்டா உள்நாட்டுத் தபால் கூலியோட முடிஞ்சுது. டொரன்டோ எண்டா அந்தச் சீ-அம்புக் கனடாச் சாமான் அங்கயே கிடைக்கும். மூண்டு விசயம் மட்டும் சொல்லிவிடுங்கோ: கைப்பையில வைக்காம பெரிய பெட்டியில வைக்கச் சொல்லுங்கோ, ஏனெண்டா கொக்கியையும் வாரையும் ஸ்கேனில பாத்திட்டு நிப்பாட்டி வைச்சுக் கேப்பினம். பில்லைப் பிரிண்ட் எடுத்துக் கூடவே வைக்கச் சொல்லுங்கோ. என்ன சாமான் எண்டதை ஒளிக்காம சொல்லிவிடுங்கோ, "ஒரு பெல்ட் வரும் கொண்டு வாங்கோ" எண்டு சொல்லி வயது போன சித்தியைக் கட்டுநாயக்காவில முழிக்க விடக்கூடாது.

6. சுங்கமும் கடதாசியும்

தபாலில வந்தா டி.ஆர். விஜேவர்தன மாவத்தை மத்திய தபால் பரிமாற்றகத்துக்கால வரும். சுங்கம் பாக்க வேணும் எண்டு நினைச்சா உங்களுக்கு அறிவித்தல் வரும். போகேக்க கொண்டு போக வேண்டியது:

அறிவித்தல் கடதாசி, தேசிய அடையாள அட்டையும் அதின்ர போட்டோகொப்பியும், வாங்கின பில்லின்ர பிரிண்ட், காசு கட்டினதுக்கு வங்கியில இருந்தோ பேபாலில இருந்தோ வந்த அத்தாட்சி, விக்கிற பக்கத்தின்ர பிரிண்ட் (படத்தோட, கலரில). இதோட நான் சொல்லுற மேலதிகம் ஒண்டு, இந்த மாதிரி வார் போட்ட கமராவின்ர படம் ஒண்டு. வாயால அரை மணித்தியாலம் விளங்கப்படுத்துறதை அந்தப் படம் ஒரு நிமிசத்தில சொல்லும். ஃபோனில காட்டலாம்தானே எண்டு நினைக்காதேங்கோ, ஃபைலில கொழுவ அவைக்குக் கடதாசி வேணும்.

காசுக் கணக்கு. வாருக்கு 25 டொலர், அனுப்ப 20 எண்டு வைப்பம். டொலர் 300 ரூபா எண்டு பாத்தா 13,500. வரி போடுறது சாமான் விலைக்கு மட்டும் இல்ல, அனுப்பின கூலியையும் சேத்துத்தான். 18 வீத வற் மட்டுமே குறைஞ்சது 2,430 ரூபா, அதுக்கு மேல மற்ற வரிகளும் சாமானை எந்த வகையில போடுகினம் எண்டதைப் பொறுத்து வரும். தனியார் கூரியரில எடுப்பிச்சா கெதியா வரும், ஆனா அவையின்ர கையாள்கூலி தனி, வைச்சிருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறலாம், அறிவித்தல் வந்தா அடுத்த நாளே போங்கோ. சாதாரண தபால் எண்டா மூண்டு கிழமையில இருந்து ரெண்டு மாசம் வரைக்கும் மனசைத் தயார்படுத்தி வையுங்கோ. கல்யாணம் மாசக் கடைசியில எண்டா அதை நம்பி ஓடர் போடாதேங்கோ.

இப்ப பெரிய பொறி. அனுப்புறவரிட்ட "கிஃப்ட் எண்டு போடுங்கோ", "5 டொலர் எண்டு எழுதுங்கோ" எண்டு கேக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு. இந்தச் சாமானுக்கு அதைச் செய்யாதேங்கோ. பொய்யா எழுதினது பிடிபட்டா சாமானும் போகும், தண்டமும் வரும், அதுவும் உள்ள இருக்கிறது ஆமி வார் எண்டா கேள்வி வேற பக்கம் திரும்பும். உள்ளதை உள்ளபடி, ஆனா தெளிவா எழுதச் சொல்லுங்கோ: பழைய காட்டன் வார், துவக்கோ துவக்கின்ர உதிரிப்பாகமோ இல்ல, கமராவுக்குப் பாவிக்க. இன்னும் பயமா இருந்தா ஓடர் போட முதலே, படத்தோட ஒரு கடிதம் எழுதிப் பிரதான வீதியில இருக்கிற சுங்கத் தலைமையகத்தில குடுத்துக் கேளுங்கோ, தமிழிலயே எழுதலாம். பதில் எழுத்தில வந்தா அதைப் பத்திரமா வையுங்கோ. கவுண்டரில ஒருத்தர் வாயால "பிரச்சினை இல்ல தம்பி" எண்டு சொன்னது அடுத்த கவுண்டரில செல்லாது.

7. கமராவில கொழுவ முதல்

பழைய வார் பிய்யிறது நடுவில இல்ல, நுனியில. பித்தளைக்கோ இரும்புக்கோ உள்ள போற மடிப்பில ஈரம் தங்கி நூல் உக்கிப் போகும், வெளியால பாத்தா தெரியாது. மடிப்பை விரிச்சு விரலால உரசிப் பாருங்கோ, தூள் கொட்டினா கதை முடிஞ்சுது. தோல் எண்டா மெதுவா வளைச்சுப் பாருங்கோ, குறுக்க வெடிச்சா வேண்டாம், கையில சிவப்புத் தூள் ஒட்டினா அதுக்கு ஒரு எண்ணெயும் மருந்தில்ல.

அதெல்லாம் சரி எண்டா 5 கிலோ அரிசிப் பை ஒண்டை அதில கட்டி, கீழ தலகணி போட்டு, ஒரு இரவு தொங்க விடுங்கோ. கமராவும் பெரிய லென்ஸும் சேந்து ரெண்டரைக் கிலோவுக்குள்ளதான், ரெண்டு மடங்கு தாங்கினா நிம்மதி.

அடுத்தது சாயம். கல்யாண வீட்டுக்கு வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு போய், கொழும்பு வெயிலில ரெண்டு மணித்தியாலம் வேர்த்தா, பிரவுண் தோல் தோளில இருந்து இடுப்பு வரைக்கும் ஒரு கோடு கீறும். ஈர வெள்ளைத் துணியால அழுத்தித் துடைச்சுப் பாருங்கோ, நிறம் வந்தா அதை வெள்ளைச் சேர்ட்டோட போடாதேங்கோ. கன்வஸ் எண்டா பச்சைத் தண்ணியில, தண்ணி தெளியிற வரைக்கும் அலசி நிழலில காய விடுங்கோ. சுடுதண்ணி வேண்டாம், காட்டன் சுருங்கும். இன்னொண்டு, கோயில் கல்யாணம் அடிக்கடி எடுக்கிற ஆள் எண்டா கன்வஸ்தான் வாங்குங்கோ, தோல் பட்டியோட உள்வீதியில நிக்கிறதை விரும்பாத ஆக்கள் இருக்கினம், மணவறைக்குப் பக்கத்தில ஐயரோட வாக்குவாதப்பட்டுக்கொண்டு தாலி கட்டுறதைத் தவற விடேலாது.

8. கொழுவுறது

கமராக் காதுக்குள்ள (பட்டி போட ரெண்டு பக்கமும் இருக்கிற சின்ன ஓட்டை) ஒண்டேகால் இஞ்சி வார் போகவே போகாது. அதால ரெண்டு தடிச்ச எஃகு ஸ்பிளிட் ரிங் வேணும், சாவிக் கொத்தில இருக்கிற மெல்லிசு வேண்டாம், அது விரிஞ்சு போகும். ரிங்குக்கும் வாருக்கும் நடுவில அரை இஞ்சித் தோல் துண்டு ஒண்டை மடிச்சுத் தைப்பிக்க வேணும். செருப்புத் தைக்கிறவரிட்டயே குடுக்கலாம், ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிக் குடுங்கோ: "ஐயா, சொலூஷன் மட்டும் போட்டு ஒட்டாதேங்கோ, மெழுகு நூலால சதுரமாத் தைச்சு நடுவில குறுக்கால ரெண்டு கோடு அடிச்சுத் தாங்கோ." அந்தக் குறுக்குத் தையல் இல்லாட்டி ஒரு பக்கத்து நூல் அறுந்தா வரிசையாக் கழண்டு வரும். வாரில நேரா ஊசி போட விடாதேங்கோ, பழைய சாமான் எண்டா அந்த ஓட்டையிலயே பிறகு கிழியும், தோல் துண்டு வாரைச் சுத்தி வர வேணும்.

எம்1 கொக்கி சுரண்டுறதுக்கு மருந்து ஹீட் ஷ்ரிங்க் டியூப். முதலாம் குறுக்குத் தெரு எலெக்ட்ரோனிக் கடைகளில அடி கணக்கில தருவினம், கொக்கியில ஏத்தி லைட்டரால சூடு காட்டினா இறுகிப் பிடிக்கும். கமராவில போட்ட பிறகு சூடு காட்டாதேங்கோ.

பெரிய லென்ஸ் எண்டா ஒரு நுனியைக் கமராவிலயும் மற்றதை லென்ஸ் காலரிலயும் (லென்ஸைச் சுத்தி இருக்கிற வளையம்) போடுங்கோ. ரெண்டையும் கமராக் காதில போட்டா லென்ஸ் மவுண்டில, அதாவது லென்ஸ் கமராவில பூட்டுற இடத்தில பாரம் இழுக்கும். வாரைக் கழுத்தில போடாம தோளுக்குக் குறுக்கால போடுங்கோ, அதுக்குத்தானே இவ்வளவு நீளம்.

9. உப்புக் காத்து, பூஞ்சணம்

கடற்கரைப் பக்கம் இருக்கிறவை இதை வாசியுங்கோ. தோலும் பித்தளையும் தொடுற இடத்தில பச்சையா மெழுகு மாதிரி ஒண்டு ஊறும். மரக் குச்சியால சுரண்டித் துடையுங்கோ, பிராசோ போட்டா அந்தத் திரவம் தோலுக்குள்ள இறங்கி நூலைக் கெடுக்கும். இரும்புப் பூட்டுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, துடைச்சு எடுத்திட்டு விடுங்கோ, மிச்சம் கன்வஸில இறங்கினா கறை.

தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லி வீட்டில ஒருத்தர் கட்டாயம் சொல்லுவினம். பூசாதேங்கோ. நாள் போக மணக்கும், பிறகு பூஞ்சணம். தோலுக்கெண்டு விக்கிற கண்டிஷனர் வருசத்துக்கு ஒருக்கா, விரலில ஒட்டுற அளவு போதும். மே மாசம் மழை துவங்கினா அலுமாரிக்குள்ள சுருட்டி வைக்காம, காத்துப் படுற இடத்தில தொங்க விடுங்கோ, பொலித்தீன் பைக்குள்ள போடவே வேண்டாம். கமராவுக்கு டிறை பொக்ஸ் வைச்சிருக்கிற ஆக்கள் தோல் வாரையும் அதுக்குள்ள போட்டு அடைக்கினம், லென்ஸுக்குத் தேவையான வரட்சி தோலுக்குக் கூடிப்போகும், வெடிக்கும். கன்வஸ் எண்டா அதுக்குள்ள கிடக்கலாம். ஆனா பூஞ்சணம் பிடிச்ச வாரை நல்லாக் காய்ஞ்சு துடைக்க முதல் லென்ஸ் கிடக்கிற பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ, அது கண்ணாடிக்குப் பரவினா சேர்விஸ் காசு வாரின்ர விலையை விடப் பல மடங்கு.